என்என்டிபிலிப்: பாஸ்வேர்டு சரி, குரூப்பும் திறக்கிறது, ஆனாலும் 481 வருகிறது

தேன்சிட்டு கேட்டது:

வணக்கம். மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் இருக்கிறது. நானே எழுதியதுதான், அழகான கோடு என்று சொல்ல மாட்டேன். ராத்திரி ஒரு தடவை ஓடும். நியூஸ்குரூப் (இணையத்தின் பழைய விவாதக் குழு) செர்வரில் சி மொழிக்கான காம்ப்.லாங்.சி குரூப்பைத் திறந்து, அன்றைக்கு வந்த பதிவுகளின் தலைப்பு, எழுதியவர், தேதி, மெசேஜ்-ஐடி (ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள தனி அடையாளம்) எல்லாவற்றையும் எடுத்து ஒரு எஸ்க்யூலைட் கோப்பில் போட்டுவைக்கும். காலையில் தலைப்புகளை மட்டும் மேய்வேன், பிடித்ததை முழுசாக இறக்கிப் படிப்பேன். ஆறேழு வருஷமாக ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை.

போன வாரம் பழைய லேப்டாப்பின் டிஸ்க் போய்விட்டது. பேக்கப்பில் ஸ்கிரிப்ட் இருந்தது, டேட்டாபேஸ் இல்லை. (தெரியும். திட்டாதீர்கள்.) புது மெஷினில் பைத்தான் 3.13. ஓடவிட்டால், நியூஸ்குரூப் செர்வரோடு என்என்டிபி முறையில் பேச உதவும் என்என்டிபிலிப் என்ற மாட்யூலே இல்லை என்கிறது. சரி என்று 3.12-இன் லைப்ரரி ஃபோல்டரிலிருந்து அந்த ஒற்றைக் கோப்பை எடுத்து ஸ்கிரிப்ட் பக்கத்தில் வைத்தேன். இம்போர்ட் ஆகும்போதே ரன்டைம் எரர். 3.13-லேயே நீக்கப்பட வேண்டிய மாட்யூல் இது, இன்னும் ஏன் இருக்கிறது என்று அதட்டுகிறது. கோப்பின் தொடக்கத்தில் இருந்த 'டெப்ரிகேட்டட்' வரி ஒன்றை அழித்தேன். அதன் பிறகு இம்போர்ட் ஆனது.

டேட்டாபேஸ் காலி என்பதால் குரூப்பின் தொடக்கத்திலிருந்தே ஒரு கட்டுக்கு 500 பதிவு என்று, தலைப்பு விவரங்களை மட்டும் தரும் 'ஓவர்' கட்டளை கொடுத்து எடுக்கிறேன். குரூப் திறந்ததும் செர்வர் 211 (வெற்றி) என்று பதில் தருகிறது, கடைசிப் பதிவு எண் 60912 என்கிறது. 47500-இல் தொடங்கும் கட்டு வரை மழை மாதிரி கொட்டுகிறது. அப்புறம் என் லாக் ஃபைலில் இப்படி:

48000 : லின்
48500 : பொருளில்லாத மூன்று எழுத்து
49000 : 481
49500 : 481
50000 : 481

இப்படியே கடைசிக் கட்டான 60500 வரை 481 மட்டும்தான்.

481 என்றால் லாகின் நிராகரிக்கப்பட்டது என்று ஆர்எஃப்சி 4643 (இணைய விதிமுறை ஆவணம்) சொல்கிறது. பாஸ்வேர்டை இரண்டு முறை மாற்றிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு கட்டுக்கும் நடுவே 30 விநாடி தூங்க வைத்தேன். எத்தனை முறை ஓடவிட்டாலும் அதே 48000-இல்தான் விழுகிறது. நிறைய எடுக்கிறேன் என்று செர்வர் துரத்துகிறதா, இல்லை அந்த வரியை அழித்ததால் லாகின் பகுதியில் எதையாவது உடைத்துவிட்டேனா?

அரைப்புள்ளி:

நீங்கள் அழித்த வரியால் ஒன்றும் ஆகாது அக்கா. அந்த வரிக்கு எச்சரிக்கை மணி அடிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. பெப் 594 என்ற திட்டத்தில், ஆள் பார்க்காமல் கிடந்த பழைய மாட்யூல்களை மொத்தமாக ஒழித்துக்கட்ட முடிவெடுத்தார்கள். 3.11-இல் எச்சரிக்கை போட்டார்கள், 2024 அக்டோபரில் 3.13 வந்தபோது என்என்டிபிலிப் போயே போய்விட்டது. கோப்பைக் கையால் நகல் எடுக்கப் பிடிக்காவிட்டால் பைபிஐ-யில் (பைத்தான் பொதிகளின் களஞ்சியம்) 'ஸ்டாண்டர்ட்-என்என்டிபிலிப்' என்று அதே கோடு கிடைக்கும்.

481 விஷயத்தில் செர்வர் துரத்துகிறது என்றுதான் எனக்கும் படுகிறது. 30 விநாடியை 5 நிமிஷமாக்கிப் பாருங்கள்.

பழைய மோடம்:

5 நிமிஷம் தூங்கினாலும் 5 மணி நேரம் தூங்கினாலும் இது மாறாது தம்பி. செர்வர் துரத்துவதாக இருந்தால் சில நேரம் 40 ஆயிரத்தில் விழும், சில நேரம் 50 ஆயிரத்தில் விழும். இது கல்வெட்டு மாதிரி ஒரே இடத்தில் விழுகிறது.

தேன்சிட்டு, லாகினையும் விட்டுவிடுங்கள். லாகின் இல்லாமல் உள்ளே விடாத செர்வர் என்றால் குரூப் கட்டளையிலேயே 480 (முதலில் லாகின் செய்) என்று சொல்லித் தடுத்திருக்கும். உங்களுக்கு 211 வந்திருக்கிறது, அதற்கு மேல் 48 ஆயிரம் பதிவும் வந்திருக்கிறது. நடுவழியில் பாஸ்வேர்டு தப்பு என்று சொல்ல, நீங்கள் நடுவழியில் பாஸ்வேர்டு அனுப்பவே இல்லையே.

எனக்கு உறுத்துவது அந்த 'லின்'. எரர் செய்தியின் முதல் மூன்று எழுத்தை மட்டும் வெட்டி லாக் ஃபைலில் எழுதுகிறீர்களா? வெட்டாமல் முழு வரியையும் போடுங்கள்.

தேன்சிட்டு:

ஆமாம், வெட்டித்தான் எழுதுகிறேன். என்என்டிபி பதில் எப்போதும் மூன்று இலக்கக் குறியீட்டில் தொடங்கும், அது மட்டும் போதும் என்று எப்போதோ எழுதி வைத்திருக்கிறேன். எந்த எரர் வந்தாலும் பிடித்து, லாக் செய்து, அடுத்த கட்டுக்குப் போய்விடும்.

வெட்டுவதை எடுத்துவிட்டு ஓட்டினேன். இப்போது வருவது:

48000 : லைன் டூ லாங் (வரி மிக நீளம்; 'லின்' இதன் முதல் மூன்று ஆங்கில எழுத்து)
48500 : ஏதோ மெசேஜ்-ஐடியின் வால் மாதிரி ஒன்று, அப்புறம் சில எண்கள்
49000 : 48107, ஒரு டேப், 'ரீ:' என்று தொடங்கும் தலைப்பு, ஒருவரின் பெயர், தேதி
49500 : 48108, அதே தலைப்பு, வேறொருவர்
50000 : 48109, அதே தலைப்பு

கடைசியில் 60500-க்கு 48131. நடுவில் 48119 மட்டும் வரவில்லை.

அய்யோ. இது எரர் கோடே இல்லை, அப்படித்தானே?

பழைய மோடம்:

அதேதான். உங்கள் 481, பதிவு எண் 48107-இன் தலை. லாகினைப் பற்றி செர்வர் வாயே திறக்கவில்லை. ஒன்று ஒன்றாக ஏறிக்கொண்டே போகும் எரர் கோடு உலகத்தில் கிடையாது. 48119 அழிக்கப்பட்ட பதிவாக இருக்கும், நியூஸ்குரூப்பில் எண்கள் நடுவில் விட்டுப்போவது சாதாரணம்.

என்ன நடக்கிறது என்று மெதுவாகச் சொல்கிறேன். இந்த லைப்ரரியில் எனக்கும் இதே அடி விழுந்திருக்கிறது.

நீங்கள் 48000 முதல் 48499 வரை கேட்கிறீர்கள். செர்வர் 224 என்று ஒரு வரி சொல்லிவிட்டு, ஒரு பதிவுக்கு ஒரு வரி வீதம் அனுப்பத் தொடங்குகிறது. ஒவ்வொரு வரியிலும் பதிவு எண், தலைப்பு, எழுதியவர், தேதி, மெசேஜ்-ஐடி, ரெஃபரன்சஸ், பைட் அளவு, வரி எண்ணிக்கை எல்லாம் டேப் போட்டுப் பிரித்திருக்கும். எல்லாம் முடிந்ததும் தனியாக ஒரு புள்ளி மட்டும் உள்ள வரி வரும், அதுதான் முற்றும்.

இதில் நீளுவது ரெஃபரன்சஸ். ஒரு பதிலுக்குப் பதில், அதற்குப் பதில் என்று சண்டை ஆழமாகப் போகப் போக, மேலே உள்ள எல்லா மெசேஜ்-ஐடிகளும் அதில் சேர்ந்துகொண்டே போகும். ஓர் ஐடி 50 எழுத்து என்று வைத்தால் 40 ஐடி 2000 எழுத்து. இப்போது உங்கள் கையில் இருக்கும் கோப்பைத் திறந்து '_மேக்ஸ்லைன்' என்று தேடுங்கள். 2048 என்று இருக்கும். ஒரு வரி அதைத் தாண்டினால் லைப்ரரி 'லைன் டூ லாங்' என்று கத்திவிட்டு வெளியே வந்துவிடும். ஆர்எஃப்சி 3977 ஒரு வரிக்கு 512 எழுத்து வரம்பு வைத்திருக்கிறது, நாங்கள் தாராளமாக 2048 வைத்தோம் என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதியிருப்பார்கள். அந்த 512, கட்டளை வரிக்கும் பதிலின் முதல் வரிக்கும் உள்ள வரம்பு. பின்னால் வரும் தகவல் வரிகளுக்கு அது பொருந்தாது. உங்கள் 48106 அந்தத் தாராளத்தையும் தாண்டிய பதிவு.

சரி, ஒரு பதிவு போனால் போகட்டும் என்று விடலாம். ஆனால் கத்திவிட்டு வெளியே வந்த லைப்ரரி, பாதி படித்த பதிலை அப்படியே கனெக்‌ஷனில் விட்டுவிட்டு வந்திருக்கிறது. 48106-இன் வால், 48107, 48108 எல்லாம் குழாயில் வரிசையாக நிற்கின்றன. நீங்கள் எரரைப் பிடித்துக்கொண்டு அதே கனெக்‌ஷனில் 48500-ஐக் கேட்கிறீர்கள். லைப்ரரி கட்டளையை அனுப்பிவிட்டு அடுத்த வரியைப் படிக்கிறது, வந்து விழுவது 48106-இன் வால். எண்ணில் தொடங்கவில்லையே என்று புரோட்டோகால் எரர். அடுத்து 49000-ஐக் கேட்கிறீர்கள், 48107 என்ற வரி பதிலாக வருகிறது. முதல் எழுத்து 4. 4-இல் தொடங்கும் பதிலை இந்த லைப்ரரி தற்காலிகப் பிழை என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் உங்களுக்கு 'டெம்பரரி எரர்' வகை எரராகக் கிடைக்கிறது. நீங்களும் தற்காலிகம்தானே என்று தூங்க வைத்துத் தூங்க வைத்துக் கேட்கிறீர்கள். தூங்கி எழுந்த ஒவ்வொரு முறையும் ஒரு வரி நகர்கிறது.

கனெக்‌ஷனைப் பைத்தானின் வித் பிளாக்குக்குள் வைத்திருந்தால் இன்னொரு கூத்தும் உண்டு. பிளாக் முடியும்போது லைப்ரரி தானாகவே க்விட் என்ற விடைபெறும் கட்டளையை அனுப்பும். அதற்கும் இதே மிச்ச வரிதான் பதிலாக வரும், வெளியே போகும் வழியிலும் ஓர் எரர் விழும்.

செய்ய வேண்டியது இரண்டு. கோப்பு உங்களுடையது என்பதால் 2048-ஐ 65536 ஆக்குங்கள். அதைவிட முக்கியம், 'டேட்டா எரர்', 'புரோட்டோகால் எரர்' இந்த இரண்டில் எது வந்தாலும் அந்தக் கனெக்‌ஷனோடு பேச்சை நிறுத்துங்கள். மூடிவிட்டுப் புதிதாகத் திறந்து, குரூப் கட்டளை கொடுத்து, விட்ட கட்டிலிருந்து தொடருங்கள். 423 (அந்த எல்லையில் பதிவு இல்லை) மாதிரி நிஜமான பதில் வந்தால் மட்டும் அதே கனெக்‌ஷனில் நீடிக்கலாம்.

ஒன்று சொல்லட்டுமா, உங்களுக்கு அதிர்ஷ்டம். பதிவு எண் 48 ஆயிரத்தில் இருந்ததால் லைப்ரரி கத்திக்கொண்டாவது இருந்தது. அதுவே 22 ஆயிரத்துச் சொச்சமாக இருந்து, மிச்ச வரி 22411 என்று தொடங்கியிருந்தால்? முதல் மூன்று எழுத்து 224. ஓவர் கட்டளைக்கு அது வெற்றிக் குறியீடு. சத்தமே போடாமல் பழைய கட்டின் மிச்சத்தைப் புதுக் கட்டுக்கான பதில் என்று உங்கள் கையில் கொடுத்திருக்கும்.

வெட்டிவேர்:

மோடம் அண்ணா சொன்னதில் ஒரே ஓர் இடத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு. 65536 வைப்பது சரி, ஆனால் சிலர் இதைப் படித்துவிட்டு வரம்பையே எடுத்துவிடுவார்கள். அந்த 2048 சும்மா வைத்ததில்லை. வரம்பு இல்லாத காலத்தில், வரி முடிவே இல்லாமல் எழுத்துகளை அனுப்பிக்கொண்டே இருக்கும் ஒரு கெட்ட செர்வர் உங்கள் மெமரி முழுவதையும் தின்றுவிட முடியும். 2013-இல் சிவிஇ எண் (பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் அடையாள எண்) கொடுத்து, பைத்தானின் பல நெட்வொர்க் மாட்யூல்களில் இந்த ஓட்டையை அடைத்தார்கள். எண்ணைப் பெரிதாக்குங்கள், சோதனையை அழிக்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால் கையாலேயே செர்வரோடு பேசிப் பார்க்கலாம், என்என்டிபியில் அதுதான் சுகம். 119-ஆம் போர்ட் என்றால் டெல்நெட் போதும். 563 என்றால் டிஎல்எஸ் (மறைகுறியாக்கிய இணைப்பு), ஓப்பன்எஸ்எஸ்எல்-இன் எஸ்_கிளையன்ட் வேண்டும். லாகின் கொடுத்து, குரூப் பெயர் கொடுத்து, 'எக்ஸ்ஓவர் 48106' (ஓவர் கட்டளையின் பழைய வடிவம்) என்று தட்டினால் அந்த ஒரு வரி மட்டும் திரையில் வந்து விழும். எஸ்_கிளையன்டில் கட்டளைகளைச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து க்யூவில் தொடங்கும் வரியை அது தனக்கான 'வெளியேறு' என்றும், பெரிய ஆரில் தொடங்குவதை 'மறுபடி கைகுலுக்கு' என்றும் எடுத்துக்கொள்ளும். செர்வருக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது.

அப்புறம், பழைய பதிவுகளை எடுக்கிறீர்கள் இல்லையா, அடுத்த பள்ளத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 1990-களின் பதிவுகளில் தலைப்பிலும் பெயரிலும் என்ன என்கோடிங் என்றே சொல்லாமல் லத்தீன்-1 பைட்டுகளை அப்படியே போட்டிருப்பார்கள். லைப்ரரி எல்லாவற்றையும் யுடிஎஃப்-8 என்று நினைத்துப் படிக்கும், படிக்க முடியாத பைட்டை 'சரகேட்' எழுத்தாக ஒளித்து வைக்கும். படிக்கும்போது எரர் வராது. நீங்கள் எஸ்க்யூலைட்டில் போடும்போது 'சரகேட்ஸ் நாட் அலவ்ட்' என்று வெடிக்கும். அதே 'சரகேட்எஸ்கேப்' முறையில் திரும்ப பைட்டாக்கி, லத்தீன்-1 என்று படித்தால் பெயர்கள் ஒழுங்காகிவிடும். புதிய பதிவுகளில் சமக்குறி, கேள்விக்குறி என்று தொடங்கும் தலைப்புகளுக்கு லைப்ரரியிலேயே 'டிகோட்_ஹெடர்' இருக்கிறது.

அரைப்புள்ளி:

5 நிமிஷம் என்று சொன்ன என் பதிலை அழிக்கலாம் என்று பார்த்தேன், அப்படியே கிடக்கட்டும். ஒரு சந்தேகம். பதிவு எண்ணை வைத்துத்தான் டேட்டாபேஸில் சேமிக்கிறீர்களா? அந்த எண் அந்த ஒரு செர்வருக்கு மட்டும்தான் செல்லும். நாளைக்கு வேறு செர்வருக்கு மாறினால் அதே பதிவு வேறு எண்ணில் இருக்கும். மெசேஜ்-ஐடியைச் சாவியாக வைப்பது நல்லது.

தேன்சிட்டு:

அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வெட்டிவேர் சொன்ன மாதிரி கையால் தட்டிப் பார்த்தேன். 48106 வந்து விழுந்தது, திரை கொள்ளவில்லை. எண்ணிப் பார்த்தேன், 2317 பைட். ரெஃபரன்சஸில் மட்டும் 41 ஐடி. எதைப் பற்றி 41 படி ஆழத்துக்குச் சண்டை என்று பார்த்தால், மெயின் ஃபங்ஷன் வாய்ட் திருப்பலாமா கூடாதா என்பதுதான். அதற்காகவா என் பாஸ்வேர்டை இரண்டு முறை மாற்றினேன்.

65536 ஆக்கினேன். எரரைப் பிடிக்கும் இடத்தையும் உடைத்து எழுதினேன். டேட்டா எரர், புரோட்டோகால் எரர் என்றால் க்விட்கூட அனுப்பாமல் கனெக்‌ஷனை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கிறது. 48000-இலிருந்து ஓடவிட்டேன், 60912 வரை நிற்காமல் போனது. தூக்கத்தையும் எடுத்துவிட்டேன். அரைப்புள்ளி, மெசேஜ்-ஐடியைச் சாவியாக்கிவிட்டேன், எண்ணைத் தனி நெடுவரிசையில் வைத்திருக்கிறேன். சரகேட் பிரச்சினை வெட்டிவேர் சொன்ன மாதிரியே முதல் ஆயிரத்துக்குள் வந்தது, யாரோ ஒருவரின் பெயரில் இருந்த ஒற்றை எழுத்தால். சொன்ன வழியில் சரியாகிவிட்டது.

ஆனால் மோடம் அண்ணா அந்த 22 ஆயிரத்தைச் சொன்னதிலிருந்து எனக்கு வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது. ஏனென்றால் காம்ப்.லாங்.சி-க்கு முந்தின நாள் இன்னொரு குரூப்பை இதே ஸ்கிரிப்டால் இறக்கியிருந்தேன். அந்த லாக் ஃபைலில் 22000-க்கு 'லின்', 22500-க்கு ஏதோ மூன்று எழுத்து, அதன் பிறகு கடைசி வரை ஓர் எரரும் இல்லை. இரண்டு கட்டுதானே போனது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

இப்போது திறந்து பார்த்தேன். அந்தக் குரூப்பின் கடைசிப் பதிவு 34280. என் டேட்டாபேஸில் கடைசி எண் 33499. போனதாக நினைத்த 22500 கட்டு முழுசாக இருக்கிறது. 22000 கட்டில் பின்பாதி இருக்கிறது, முன்பாதி இல்லை. அங்கிருந்து ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு கேள்விக்கு முந்திய பதில் வந்திருக்கிறது. கடைசி இரண்டு கட்டின் பதில்களைப் படிக்க ஆளில்லாமல் ஸ்கிரிப்ட் முடிந்துபோயிருக்கிறது. லாக் ஃபைலில் அதற்குப் பச்சை டிக் வேறு.

அதை அழித்துவிட்டு முதலிலிருந்து ஓடவிட்டிருக்கிறேன். இதை எழுதும்போது 9500-இல் நிற்கிறது. 22000 தாண்டும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதாக உத்தேசம்.

பழைய மோடம்:

இந்த முறை ஓவரிலிருந்து வரும் முதல் பதிவு எண், கேட்ட எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒரு வரி சோதனை போட்டுவிட்டு உட்காருங்கள்.

தேன்சிட்டு:

போட்டாயிற்று. 11000.